மூன்று முறை கூப்பிட்டார்களாம்

மார்ச் 9

அன்புள்ள சிட்டு,

நான் தேர்வில் தோற்றுவிட்டேன் என்று உன்னிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது தவறு. நான் தேர்வை எழுதவே இல்லை. எழுதாதவள் தோற்க முடியாது. இதைத் திருத்திவிட்டுத்தான் உன் முழங்காலை விசாரிக்க வேண்டும் என்று இருந்தேன். இப்போது விசாரிக்கிறேன். வலி எப்படி இருக்கிறது? கடையில் நின்றுகொண்டே இருக்காதே. மூக்குக் கண்ணாடி வாங்க வருகிறவர்கள் உட்கார்ந்துதான் வாங்குகிறார்கள், விற்கிறவளும் உட்காரலாம்.

நடந்தது இது. ஒன்பது மணிக்கு முன்பே தேர்வு மையத்துக்குப் போய்விட்டேன். கைக்கடிகாரம், பை, கைக்குட்டை எல்லாவற்றையும் ஒரு பெட்டகத்தில் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். வைத்தேன். காத்திருப்பு அறையில் உட்காரச் சொன்னார்கள். கான்வென்டில் பழக்கியபடி முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்தேன். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அறை காலியான பிறகு நானே எழுந்து கவுன்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டேன்.

“நீங்க வரலைன்னு போட்டாச்சே மேடம்” என்றாள்.

மூன்று முறை கூப்பிட்டார்களாம். என்னை யாரும் கூப்பிடவில்லை. அங்கேயே காகிதம் வாங்கிப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்த வயதில் என்ன பரீட்சை என்று நீ கேட்டிருந்தாய். எங்கள் நிறுவனம் பாலங்களை வடிவமைக்கிறது என்பது உனக்குத் தெரியும். வரைகிறவர்களின் படங்கள் அவரவர் கம்ப்யூட்டரில் இருப்பதில்லை. கீழ்த்தளத்தில் ஓர் அறையில், டிஸ்க்குகள் அடுக்கிய இரும்பு அலமாரிகளில் இருக்கின்றன. யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம், யாருக்கு எவ்வளவு இடம், ஒரு டிஸ்க் கெட்டால் எதிலிருந்து மீட்பது, இவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் வருஷ ஒப்பந்தத்தில் வைத்திருக்கிறார்கள். இந்த வேலைக்கென்று ஒரு சான்றிதழ்த் தேர்வு இருக்கிறது. டிசம்பருக்குள் அதைத் தேறினால்தான் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். சமைத்துப் போட்டவளிடம் அடுப்புப் பற்றவைக்கத் தெரியுமா என்று கேட்பது போல இருக்கிறது. இருந்தாலும் விதி விதிதான். இந்த வேலை இல்லாவிட்டால் காலையில் எழுந்து நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாயாமே. கவனிக்கவில்லை. எதுவானாலும் எழுது.

உன் காலும் கடையும் நன்றாக இருக்கட்டும்.

அண்ணி


மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

இங்க நாங்க ரெண்டு பேரும், அதாவது நானும் என் முழங்காலும், சண்டை போடாம இருக்கோம். உங்க உடம்பு எப்படி? ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்ததும் வாங்கினீங்களா, இல்ல கடைக்காரரே வந்து கொடுக்கட்டும்னு உட்கார்ந்திருக்கீங்களா?

தோத்துட்டீங்கன்னு யார் சொன்னதுன்னு கேக்காதீங்க. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனா அந்த மையத்துக்காரங்களை விடாதீங்க. காலங்காத்தால வந்து உட்கார்ந்திருக்கிற பெரிய மனுஷியை வரலைன்னு எழுதறதா? நான் இருந்திருந்தா அந்தக் கவுன்டர் பொண்ணுக்கு இலவசமாக் கண்ணாடி போட்டுவிட்டிருப்பேன்.

எனக்கு ஒரு யோசனை. தினம் எட்டு மணிக்குக் கடையைச் சாத்தறேன். அப்புறம் உங்களுக்குப் போன் பண்றேன். உங்க புத்தகத்துலேருந்து நான் கேள்வி கேக்கறேன், நீங்க பதில் சொல்லுங்க. கல்யாணமாகி வந்த புதுசுல நீங்க என்னை வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லிக் காதைத் திருகினீங்களே, அந்தக் கணக்கை நான் இப்பத் தீர்த்துக்கறேன்.

மாத்திரையை மறக்காதீங்க.

உங்கள்
சிட்டு


ஏப்ரல் 2

அன்புள்ள சிட்டு,

மாத்திரை வாங்கினேன். நீ படி ஏறி இறங்குவதைக் குறைத்தாயா என்பதை எழுதவில்லை. எழுது.

போன் வேண்டாம். போனில் சொன்னது காற்றோடு போகிறது. சொன்னேன், சொல்லவில்லை என்று பிறகு தகராறு வருகிறது. கேள்விகளைத் தபாலில் அனுப்பு. நானும் தபாலில் விடை எழுதுகிறேன். நீ திருத்து. மெதுவாக நடக்கும், ஆனால் ஒழுங்காக நடக்கும்.

மாதிரி வினாப் புத்தகத்தை விடைகளோடு உனக்கே அனுப்பியிருக்கிறேன். என்னிடம் இருந்தால் விடையைப் பார்த்துவிடுவேன் என்பதற்காக அல்ல. பார்த்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக. பாடப் புத்தகம் என்னிடம் இருக்கிறது, அது போதும்.

வீடு படிப்பதற்கு ஏற்றதாக இருக்கிறது. முன்பு தெருவில் பள்ளி வேன், பழைய பேப்பர்காரர் என்று ஏதாவது இரைந்துகொண்டிருக்கும். இப்போது ஊரே அடங்கிவிட்டது. உன் அண்ணனும் கடைசி வருஷத்தில் பேச்சையே குறைத்துக்கொண்டார். எதிரில் உட்கார்ந்திருப்பார், வாயைத் திறக்க மாட்டார். மனிதர்கள் வயதானால் அப்படித்தான் ஆகிறார்கள் போலிருக்கிறது. அப்போதிருந்தே இந்த அமைதி எனக்குப் பழகிவிட்டது.

மழைக்கு முன் கடையின் பின்சுவரைப் பூசிவிடு.

அண்ணி


ஏப்ரல் 18

அன்புள்ள அண்ணிக்கு,

படியைக் குறைச்சுட்டேன், சுவரைப் பூசிட்டேன். வேற ஏதாவது உத்தரவு இருந்தா அடுத்த தபால்ல அனுப்புங்க.

உங்க புத்தகம் கடை மேஜை மேலதான் இருக்கு. ஒருத்தர் கண் பரிசோதனை அட்டைன்னு நினைச்சு எடுத்து ஒரு பக்கம் உரக்கப் படிச்சுட்டு, “எழுத்து நல்லாத் தெரியுதும்மா, அர்த்தம்தான் தெரியல”ன்னாரு. என் நிலைமையும் அதேதான். ஆனாலும் மூணு கேள்வி பொறுக்கியிருக்கேன். புரிஞ்ச அளவுக்கு என் பாஷையில எழுதறேன்.

ஒண்ணு. ஒரு இடத்துல இருக்கிற கோப்பெல்லாம் இன்னொரு ஊர்ல இருக்கிற டிஸ்க்குல அப்படியே உடனுக்குடன் பிரதி ஆகுது. மிரர்னு பேராம். அது இருந்தா பேக்கப் தனியா வேண்டாமா?

ரெண்டு. ஸ்னாப்ஷாட்னா என்ன? எதுக்கு ஆகும்? (போட்டோ இல்லைன்னு மட்டும் எனக்குப் புரிஞ்சுது.)

மூணு. ஒரு டிஸ்க் கெட்டுப்போச்சு. பொறுப்புல இருக்கிறவருக்கு அது தெரியவே இல்லை. வேற யாரோ வந்து சொல்லித்தான் தெரிஞ்சுது. இது மறுபடி நடக்காம இருக்க அவர் முதல்ல என்ன செய்யணும்?

அப்புறம் ஒரு விஷயம் அண்ணி. அண்ணன் பேச்சைக் குறைச்சுட்டாருன்னு எழுதியிருந்தீங்க. என்கிட்ட ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன்ல ஒரு மணி நேரம் விடாம அறுப்பாரே. கடைசி வாரம்கூட.

சாப்பாட்டு வேளையைத் தள்ளிப்போடாதீங்க.

சிட்டு


மே 5

அன்புள்ள சிட்டு,

வேளைக்குச் சாப்பிடுகிறேன். விடைகள்.

முதல் கேள்வி. பேக்கப் தனியாக வேண்டும். மிரர் என்பது கண்ணாடி. கண்ணாடி முன் நின்று நான் ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டால், உள்ளே இருப்பவளுக்கும் அந்தப் பல் இருக்காது. இங்கே ஒருவன் தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். அறை தீப்பற்றினால் மிரர் காப்பாற்றும். ஆளின் கைப்பிழையிலிருந்து காப்பாற்றாது.

இரண்டாவது. குறிப்பிட்ட ஒரு நேரத்தில் கோப்புகள் எப்படி இருந்தன என்பதன் பதிவு. பதினோரு மணிக்கு ஒருவர் படத்தைக் கெடுத்துவிட்டு வந்து கையைப் பிசைந்தால், பத்து மணிப் பதிவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடலாம். டிஸ்க்கோடு போனால் அதுவும் போய்விடும். ஆகவே இதுவும் பேக்கப் ஆகாது.

மூன்றாவது. பொறுப்பில் இருப்பவர் அறைக்குப் போய் நிற்க வேண்டும். காது கொடுத்துக் கேட்க வேண்டும். டிஸ்க் சாகும் முன் சொல்லிவிட்டுத்தான் சாகும். நகம் கிள்ளுவது போல ஒரு சத்தம் வரும். செத்த பிறகு அலமாரியே கூவும். கதவருகில் நின்றபடியே எந்த வரிசையில் எந்த டிஸ்க் என்று நான் கை காட்டியிருக்கிறேன். டிஸ்க் கெட்டால் மின்னஞ்சல் அனுப்பும் வசதி ஒன்று உண்டு. அதை நான் பொறுப்பேற்ற வருஷமே நிறுத்திவிட்டேன். கதவு திறந்தது, மூடியது, சூடு அரை டிகிரி ஏறியது என்று குப்பையாக வந்துகொண்டிருந்தது. தன் அறையைத் தானே கவனிக்கத் தெரியாதவர்களுக்கு அது.

உன் அண்ணன் உன்னோடு பேசியது பற்றி எழுதியிருந்தாய். தெரிந்துகொண்டேன்.

அண்ணி


மே 21

அன்புள்ள அண்ணிக்கு,

ஒண்ணும் ரெண்டும் சரி. மூணாவது தப்பு.

புத்தகத்துல கொடுத்திருக்கிற நாலு விடையில சரியானது ‘இ’. எச்சரிக்கை மின்னஞ்சல் இயங்குதான்னு முதல்ல சரிபார்க்கணுமாம். காதைப் பத்தி ஒரு வார்த்தையும் இல்லை. போனாப் போகுதுன்னு முழு மதிப்பெண் போட்டுடலாம்னுதான் பார்த்தேன். அப்புறம் அந்தச் சிவப்புப் பென்சில் ஞாபகம் வந்துது. அரை மார்க்குக்காக என்னை அழ வெச்ச அண்ணிக்கு நான் சலுகை கொடுத்தா நியாயமா?

அடுத்த வாரம் ஃபிரேம் எடுக்க அந்தப் பக்கம் வர்றேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்து தலையைக் காட்டிட்டுப் போறேன். ஒண்ணும் சமைக்க வேண்டாம். வந்ததும் முழங்காலை நீட்டி உட்கார ஒரு நாற்காலி போதும்.

நேர்ல மத்ததெல்லாம்.

சிட்டு


ஜூன் 14

அன்புள்ள சிட்டு,

நீ பத்திரமாக ஊர் சேர்ந்ததற்குக் கடிதம் வரவில்லை. சேர்ந்திருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். முழங்காலுக்குப் பயணம் ஒத்துக்கொண்டதா?

நீ வந்த அன்று வாசல் மணி கெட்டுப்போயிருக்கிறது என்றாய். மறுநாளே எலக்ட்ரீஷியனை வரச் சொன்னேன். கழற்றிப் பார்த்து, திரும்ப மாட்டிவிட்டுப் போனார். மணி நன்றாகத்தான் அடிக்கிறதாம். ஆகவே அது சரியாக இருக்கிறது.

மூன்றாம் கேள்வியை நான் ஒப்புக்கொள்ளவில்லை. புத்தகம் எழுதியவர் அறைக்குள் நின்று வேலை பார்த்தவராகத் தெரியவில்லை.

தேர்வு மையத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. மூன்று முறை அழைத்ததாகவும், அறையில் இருந்த மற்றவர்கள் கேட்டதாகவும் எழுதியிருக்கிறார்கள். புகார் முடியும்வரை எனக்குப் புதிய தேதி தர இயலாதாம். நான் பின்வாங்குவதாக இல்லை. தலைமை அலுவலகத்துக்கு எழுதப் போகிறேன். டிசம்பர் நெருங்குகிறது என்பது எனக்குத் தெரியும். அதற்காக நடக்காததை நடந்தது என்று சொல்ல முடியாது.

இன்னும் கேள்விகள் அனுப்பு.

அண்ணி


ஜூன் 30

அன்புள்ள அண்ணிக்கு,

நல்லபடியா வந்து சேர்ந்தேன். கால் பரவாயில்லை. கடிதம் போடாததுக்குக் காரணம், எதை எழுதறதுன்னு தெரியாம மூணு தாளைக் கிழிச்சேன். இது நாலாவது.

மணி அன்னைக்கும் நல்லாத்தான் அடிச்சுது அண்ணி. நான் வெளியில நின்னு அமுக்கினேன், உள்ள அடிக்கிறது எனக்கே கேட்டுது. ஜன்னல் வழியா நீங்களும் தெரிஞ்சீங்க. மேஜைல குனிஞ்சு எழுதிட்டிருந்தீங்க, முதுகு நேரா. கூப்பிட்டேன். கதவைத் தட்டினேன். எதிர் வீட்டம்மா வெளியில வந்து என்னைப் பார்த்துட்டு, “அவங்க அப்படித்தான். கூப்பிட்டா திரும்ப மாட்டாங்க. கொஞ்சம் தலைக்கனம்”னாங்க. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. பக்கத்து ஜன்னலுக்குப் போய்க் கையை ஆட்டினேன். உடனே பார்த்துட்டீங்க. மணி கெட்டுப்போச்சுன்னு நான்தான் பொய் சொன்னேன். உங்க முகத்தைப் பார்த்து வேற சொல்ல வாய் வரல.

அந்த மையத்துல உங்களைக் கூப்பிட்டிருப்பாங்க அண்ணி.

கோவிச்சுக்குங்க, பரவாயில்லை. நான் கடையில தினம் பார்க்கறேன். கண்ணாடி போட்டா படிச்ச களை வருதுன்னு வாங்கிட்டுப் போறாங்க. பார்வை நல்லா இருக்கிறவன்கூட வந்து வெறும் கண்ணாடி கேக்கறான். கண்ணுக்குப் போட்டா கௌரவம், காதுக்கு வெச்சா கிழம். ரெண்டுக்கும் நடுவுல நாலு விரல்கடைகூட இல்லை. இந்தக் கணக்கு மட்டும் எனக்கு இன்னும் புரியல.

எத்தனை வருஷமா அந்த அறையில, அந்த டிஸ்க் அலமாரிங்களோட ஃபேன் இரைச்சல்ல நின்னிருக்கீங்க. இரும்பே தேயும்.

திட்டியாவது எழுதுங்க.

சிட்டு


செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணிக்கு,

ரெண்டு மாசமாச்சு. கடிதம் இல்லை. தபால்காரர் கடையைத் தாண்டும்போதெல்லாம், “இன்னைக்கும் இல்லம்மா”ன்னு அவரே முந்திக்கிட்டுச் சொல்லிட்டுப் போறார்.

நான் எழுதினது தப்புன்னா சிவப்புப் பென்சில்ல திருத்தி அனுப்புங்க. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?

சிட்டு


செப்டம்பர் 19

அன்புள்ள சிட்டு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் ஜூன் கடிதத்தை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திருத்துவதற்கு எதுவும் இல்லை. எதிர் வீட்டம்மா சொன்னது ஒன்றுதான் தவறு. அதையும் அவரிடம் நானே திருத்த வேண்டும்.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஜனவரியில் ஒரு திங்கள்கிழமை மேனேஜர் கீழே வந்தார். கதவைத் திறந்ததுமே காதைப் பொத்திக்கொண்டார்.

“என்ன மேடம் இது, இப்படிக் கத்துது?”

“எது?” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். “ஒண்ணுமில்ல மேடம்” என்று சொல்லிவிட்டு, தானே போய் அலமாரியின் ஒலியை நிறுத்தினார். ஒரு டிஸ்க் வெள்ளிக்கிழமையே செத்திருக்கிறது. அன்று மாலை முழுக்க அலமாரி கூவியிருக்கிறது. நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை முடித்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன். மாற்று டிஸ்க் தானாகவே பொறுப்பேற்றதால் ஒரு படமும் போகவில்லை. மின்னஞ்சல் இருந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அதை நிறுத்தியது யார் என்பது உனக்குத் தெரியும்.

சான்றிதழ் விதி அடுத்த வாரமே வந்தது. ‘டிஸ்க் அறைப் பணியாளர் அனைவருக்கும்’ என்று போட்டிருந்தது. அந்த அறையில் அனைவரும் என்றால் நான் ஒருத்திதான். மேனேஜர் மரியாதை தெரிந்தவர்.

ஆகஸ்டில் காது டாக்டரிடம் போனேன். ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். சரியாகச் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். வெளியே வந்து வரைபடத்தைப் பார்த்தேன். கோடு வலது பக்கம் போகப் போகப் படிக்கட்டிலிருந்து விழுந்தது போல இறங்கியிருந்தது. உச்சஸ்தாயி ஒலிகள் முதலில் போகுமாம். மணி, அலமாரியின் கூவல், சன்னக் குரல் எல்லாம் அதில் வரும். இரண்டு காதுக்கும் கருவி கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் வைத்துக்கொள்கிறேன். குளிர்பதனப் பெட்டி இவ்வளவு இரையும் என்று தெரியாது.

உன் அண்ணனுக்குச் சன்னக் குரல். எதிரில் உட்கார்ந்து அவர் என்னிடம் என்ன பேசிக்கொண்டிருந்தார் என்று யோசித்துப் பார்க்கிறேன். உன்னிடம் போனில் பேசியவற்றில் உனக்கு நினைவிருப்பதை எழுது. முக்கியமில்லாததாக இருந்தாலும் பரவாயில்லை.

மின்னஞ்சல் எச்சரிக்கைகளைத் திரும்ப இயக்கிவிட்டேன். கதவு திறந்தது, கதவு மூடியது என்று தினமும் வருகின்றன. ஒன்று விடாமல் படிக்கிறேன்.

மூன்றாம் கேள்விக்கு விடை ‘இ’. மதிப்பெண்ணை மாற்றாதே. முதலில் தவறாக எழுதியது தவறாகவே இருக்கட்டும்.

தேர்வு மையத்துக்கு எழுதியதன் பிரதியை இணைத்திருக்கிறேன். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அண்ணி


பிரதி

செப்டம்பர் 19

தேர்வு மையப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். கோப்புச் சேமிப்பு நிர்வாகச் சான்றிதழ்த் தேர்வுக்கு மார்ச் மாதம் தங்கள் மையத்துக்கு வந்திருந்தேன். என்னை அழைக்கவில்லை என்று அன்று புகார் எழுதிக் கொடுத்தேன். தங்கள் பதிலுக்குப் பிறகு அதையே தலைமை அலுவலகத்துக்கும் அனுப்பினேன். இரண்டையும் இதன் மூலம் திரும்பப் பெறுகிறேன். தங்கள் ஊழியர் மூன்று முறை அழைத்தார் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். கவுன்டரில் இருந்த பெண்ணிடம் கடுமையாகப் பேசியதற்கு வருந்துகிறேன் என்பதை அவரிடம் தெரிவிக்கவும்.

எனக்குக் காது சரியாகக் கேட்காது.

டிசம்பருக்கு முன் எனக்கு ஒரு தேதி வேண்டும். அன்று என் முறை வரும்போது என் பெயரைக் கூப்பிடுவதற்குப் பதிலாக, யாராவது ஒருவர் நான் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வந்து, என் எதிரில் நின்று சொல்ல வேண்டும். தோளைத் தொட்டாலும் ஆட்சேபம் இல்லை. காதில் இரண்டு கருவிகள் அணிந்திருப்பேன். அவற்றைப் பெட்டகத்தில் வைக்க வேண்டும் என்பது விதியானால் வைத்துவிடுகிறேன். கேள்விகள் திரையில்தான் வருகின்றன, படிக்க எனக்கு ஒரு தடையும் இல்லை.

இது இயலுமா என்பதைத் தயவுசெய்து தொலைபேசியில் சொல்ல வேண்டாம். எழுத்துமூலம் பதில் தரவும்.